மாரித் தண்ணீர் நிற்காத மேட்டில் அஸ்பரகஸ்

கத்தரி சரிவராவிட்டால் மூன்று மாதத்தில் பிடுங்கிவிட்டு வேறொன்று போடலாம். இளங்குருத்தைக் காய்கறியாகச் சமைக்கும் அஸ்பரகஸ் அப்படியல்ல. ஒருமுறை நட்ட பாத்தி நன்றாகப் பராமரித்தால் ஐந்தாறு வருடத்துக்கு மேல் பலன் தரும். அதனால் இடத்தேர்வில் விடும் பிழையும் அத்தனை வருடம் கூடவே வரும். நட்டு அழிந்த நிலத்தில் உடனே திரும்ப நடவும் முடியாது. பழைய வேரிலிருந்து மண்ணில் கலக்கும் பொருட்களும், அங்கே தங்கிவிட்ட பியூசேரியம் என்ற பங்கசும் (பூஞ்சையும்) புது நாற்றை எழவிடா.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தப் பயிரைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, மார்கழித் தண்ணீர்தான். வருட மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிறது. நீர் கட்டிய மண்ணில் அஸ்பரகஸ் கிழங்கு மூச்சுவிட முடியாமல் அழுகும். கரையோர மணல் வடிகின்ற மண்தானே என்று பலர் நம்புகிறார்கள். அங்கே கோடையில் ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர் மாரியில் மேலே ஏறிவிடுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே நிலத்தை வெயில் காலத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிசெம்பரில், நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மூன்றடிக் குழி ஒன்று தோண்டுங்கள். இரண்டடிக்குள் தண்ணீர் ஊறி நின்றால் அந்தக் காணி வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயலுக்கு மேலே சரிவோடு கிடக்கும் மணல்கலந்த மேட்டுநிலங்கள், பொத்துவில் பக்கத்து மேட்டுக் காணிகள் போன்றவற்றில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

மண்ணின் பிஎச் (புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு) 6.5க்கும் 7.5க்கும் இடையில் இருப்பது நல்லது. புளிப்பு மண்ணென்றால் நடுவதற்கு முன்பே டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் இட வேண்டும். உவர்ப்பைப் பற்றி ஒரு நல்ல செய்தி: வெங்காயமும் மிளகாயும் வாடிப்போகும் கிணற்று நீரை வளர்ந்த அஸ்பரகஸ் தாங்கும். நாற்று தாங்காது, அதற்கு நல்ல தண்ணீரே வேண்டும்.

முதலில் 20 பேர்ச்சுக்கு (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) மேல் தொடங்காதீர்கள். ஐந்தடி வரிசை, ஒன்றரையடிக் கன்று இடைவெளி என்றால் அதற்கு ஏறக்குறைய 725 கன்று பிடிக்கும். அழிவுக்கும் சேர்த்து ஆயிரம் விதை போடுங்கள். விதையை ஒருநாள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஒக்ரோபரில் மழை படாத கூடாரத்தின் கீழ் பைகளில் ஊன்றலாம். முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அவசரப்பட்டுக் கிளறக்கூடாது. சாத்தாவாரி (தண்ணீர்விட்டான்) விதையும், பூங்கொத்தில் வைக்கும் அலங்கார அஸ்பரகஸின் விதையும் இதற்கு உதவா. குடும்பம் ஒன்றென்றாலும் பயிர் வேறு.

மாரி ஓய்ந்ததும், ஜனவரி கடைசியில் அல்லது பெப்ரவரியில் நடவு. அதற்குள் கோரையையும் அறுகையும் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். நட்டபிறகு வேரைக் காயப்படுத்தாமல் கோரை பிடுங்க வழியே இல்லை. மூன்றடி அகலம், ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி கட்டி, இடையில் இரண்டடி வாய்க்கால் விட்டு, வாய்க்காலின் தண்ணீர் காணிக்கு வெளியே போக வழி செய்யுங்கள். 20 பேர்ச்சுக்கு ஒரு தொன்னுக்குக் குறையாமல் நன்கு மக்கிய மாட்டெரு போட வேண்டும். பாத்தியின் நடுவில் ஆறங்குலக் குழியில் கன்றை வைத்து இரண்டங்குல மண் மூடி, தண்டு வளர வளர மீதியை நிரப்புங்கள். ஒரேயடியாக மூடினால் இளங்குருத்து மேலே வர முடியாமல் அழுகும்.

அடுத்த சோதனை கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. இறகு போல விரியும் இந்தச் செடியை அது சாய்த்து முறிக்கும். பாத்தியின் இரு பக்கமும் கம்பு நட்டு, இரண்டு உயரத்தில் கயிறு கட்டி, நான்கைந்து அடிக்கு மேல் வளரும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீர் அடியில் மட்டும், சொட்டு நீராக. மேலே தூவினால் தண்டுக் கருகல் வரும். தண்டில் இரு முனையும் ஒடுங்கிய பழுப்புப் புண். நெருங்கிப் பார்த்தால் அதன் நடுவே மிளகுத்தூள் தூவியதுபோல் சின்னக் கரும்புள்ளிகள். போமோப்சிஸ் என்ற பங்கசு அது. மண்ணிலிருந்து தெறிக்கும் மழைத்துளியே அதைப் பரப்புகிறது. மழைக்கு முன் பாத்தியை வைக்கோலால் மூடுவதும், புண்பட்ட தண்டை அடியோடு வெட்டிக் காணிக்கு வெளியே எரிப்பதும் எந்தப் பங்கசுநாசினியையும் விட முக்கியம். நாள்தோறும் அறுவடை நடக்கும் பயிருக்கு மருந்தடித்துவிட்டுக் காத்திருக்க நாள் கிடையாது. மருந்து தேவையென்றால் ஓய்வுக் காலத்தில் மட்டுமே.

முதல் வருடம் ஒரு குருத்தும் வெட்டக்கூடாது. இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறோம். பச்சை இறகு சமைக்கும் உணவு கிழங்கில் சேர்ந்துதான் அடுத்த குருத்தாகிறது. ஆசைப்பட்டு வெட்டினால் பென்சிலை விட மெல்லிய குருத்து வரும், பிறகு அதுவும் நிற்கும். குளிர்நாடுகளில் கிழங்கில் உணவைச் சேர்த்துவிட்டுப் பனிக்காலத்தில் செடி உறங்கும். நமக்கு அந்த உறக்கம் இல்லை. அதனால் தாய்லாந்திலும் தாய்வானிலும் செய்வதுபோல் தாய்த்தண்டு முறையே பொருந்தும். ஒரு கிழங்கில் தடித்த, நோயற்ற நான்கு தண்டை நிரந்தரமாக விட்டு, மற்றக் குருத்துகளை இரண்டு மூன்று மாதம் அறுக்கலாம். பிறகு ஒரு மாதம் அறுவடையை நிறுத்தி, எரு போட்டு, புதுத் தண்டுகளை எழவிட்டுப் பழைய தாய்த்தண்டை வெட்டிவிடுங்கள். பெண்செடியில் வரும் சிவப்புக் காயை உடனே பறித்துவிட வேண்டும். பிள்ளைகள் தின்றால் வாந்தி எடுப்பார்கள்.

நட்டதற்கு அடுத்த வருடம் மார்ச்சில் முதல் அறுவடை தொடங்கினால் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் உல்லாசப் பயணிகள் நிறையும் மாதங்களுக்குச் சரியாக வரும். நவெம்பர் முதல் ஜனவரி வரை வெட்டவேண்டாம். ஹோட்டலோடு விலை பேசாமல் நடவே வேண்டாம். ஊர்ச்சந்தையில் இதை வாங்குபவர் குறைவு.

வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். குருத்து 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளமும், நுனி இறுக மூடியும் இருக்க வேண்டும். நம் வெக்கையில் அந்த நீளம் வருமுன்பே நுனி விரியப் பார்க்கும். கடும் வெயில் நாட்களில் காலையும் மாலையும் பாத்தியைச் சுற்றி வரவேண்டும். வெட்டியதும் ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கி, அடியில் ஈரத்துணி விரித்த பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கவைத்தால் வெட்டிய பிறகும் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். காலையில் நேராக ஏற்றிய கட்டு மாலையில் கொக்கிபோல் இறங்கினால் ஹோட்டல்காரர் எடுக்கமாட்டார்.