கேம்பர்: வளைவா, சாய்வா?

வால்பாறை போய்த் திரும்பிய மறுவாரம் காரின் இடது முன்டயரைத் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதிதுபோல் இருந்தது, உட்பக்கம் வழுக்கை. ஆழியாற்றிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள்மீது பழியைப் போட்டுவிட்டுப் பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “மலை என்னங்க செய்யும்? டயரை உள்ளே தின்கிறது. கேம்பர் பார்த்துவிடலாமுங்க” என்றார்.

கணினி ஒரு தாளைத் துப்பியது. சக்கரம் நிற்கும் கோணங்களுக்குக் கேம்பர், காஸ்டர், டோ என்று மூன்று பெயர்கள்; அவற்றின் எதிரே சிவப்பிலும் பச்சையிலும் எண்கள். வீட்டுக்கு வந்து ஒரு கலைச்சொல் அகராதியைப் புரட்டினால், கேம்பருக்கு நேரே ‘வளைவு’ என்று இருந்தது. என் சக்கரம் வளையவில்லை. வளைந்திருந்தால் மலையிலிருந்து வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.

அகராதிக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. சொல்லின் பிறப்பு வளைவில்தான். பழைய பிரெஞ்சில் வில்போல் வளைந்தது என்ற பொருளில் வழங்கி ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அதற்கு மூலம் லத்தீன் ‘கமுர்’. உள்நோக்கி வளைந்த மாட்டுக்கொம்பைக் குறிக்க லத்தீன் கவிதையில் இச்சொல் வருகிறது. காங்கேயம் காளையின் கொம்பைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தமிழிலும் கொம்புக்குக் ‘கோடு’ என்று பெயர். கோடுதல் என்றால் வளைதல். கோட்டம் என்றால் வளைவு, கோணல். வேர்ச்சொல்லுக்கு நேர்ச்சொல் தேடினால், கமுருக்குக் கோட்டத்தைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் ‘சக்கரக் கோட்டம்’ என்று எழுதினால் இன்றைய வாசகர் அதைக் கோயிலாகவோ வருவாய்த்துறை அலுவலகமாகவோ நினைத்துக்கொள்வார். நல்ல சொல்தான், ஆனால் வேறு வேலைக்குப் போய்விட்டது.

ஆங்கிலத்தில் கேம்பர் 17ஆம் நூற்றாண்டிலேயே கப்பல்காரர்களின் சொல். கப்பலின் மேல்தளம் நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும், ஏறிய நீர் வடிவதற்காக. அங்கிருந்து சாலைக்கு வந்தது, லாரியின் அடியில் அடுக்கிய வில்பட்டைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங்) வந்தது, விமானத்தின் இறக்கைக்குப் போனது. இவை எல்லாவற்றிலும் பொருள் ஒன்றுதான்: நடு உயர்ந்த வளைவு.

இந்த இடங்களுக்குத் தமிழில் புதிதாகச் சொல் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பது என் எண்ணம். மொட்டை மாடிக்குத் தளம் போடும் கொத்தனார் தண்ணீர் ஓட ‘வாட்டம்’ வைக்கிறார். தார்ச்சாலையின் கேம்பரும் அதே வாட்டம்தான். நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தாழ்வது. லாரிப் பட்டைகளின் கேம்பருக்கு ‘வில்’ என்பதே போதும். அப்படிப்பட்ட பட்டைகள் வைத்த மாட்டு வண்டியைத்தானே வில்வண்டி என்றார்கள்? விமான இறக்கைக்குப் ‘புடைப்பு’ பொருந்தும். சாலைப் பொறியாளரும் சங்ககிரி லாரிக்காரரும் விமானம் வடிப்பவரும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது ஆங்கிலத்தின் வழக்கம். தமிழும் அப்படியே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

சக்கரத்துக்கு இந்தச் சொல் வந்ததை விளக்கும்போது வழக்கமாகச் சாலையைத்தான் காட்டுவார்கள். பழைய சாலைகளில் வாட்டம் மிக அதிகம். அதன்மேல் ஓடும் வண்டியின் சக்கரம் சாலைப் பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டுமானால், மேற்பகுதி வெளியே சாய்ந்திருக்க வேண்டும். சாலையின் வளைவுக்கு ஈடாகச் சக்கரத்தைச் சாய்த்தார்கள். வளைவின் பெயர் சாய்வுக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது சாலைகள் ஏறக்குறையத் தட்டையாகிவிட்டன, பெயர் மட்டும் நிற்கிறது. எனவே காரைப் பற்றிப் பேசும்போது கேம்பருக்குத் தமிழ் ‘சக்கரச் சாய்வு’. முன்னாலிருந்து பார்க்கும்போது, செங்குத்துக் கோட்டிலிருந்து சக்கரம் எத்தனை டிகிரி விலகிச் சாய்கிறது என்பது அதன் அளவு.

மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் ஆங்கிலத்தில் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். இவற்றை எதிர்மறை, நேர்மறை என்று பெயர்த்து எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. எதிர்மறை என்றதும் ஏதோ பழுது என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் வேகக் கார்களுக்கு அதுதான் உயிர். உட்சாய்வு, புறச்சாய்வு என்றால் பட்டறையில் நிற்கும் சிறுவனுக்கும் புரியும்.

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயை எடுத்துக்கொள்வோம். பந்தயக் கார்களை வடிவமைத்த எஸ். கரிவரதனின் பெயரால் 2003இல் திறக்கப்பட்ட, 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தடம். அங்கே ஓடவிருக்கும் காரை நின்ற நிலையில் முன்னாலிருந்து பார்த்தால், முன்சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் உடல் வெளிப்புறமாகச் சரிகிறது. சுமையின் பெரும்பகுதி வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் விழுகிறது. அந்தச் சக்கரமும் உடலோடு சேர்ந்து வெளியே சாயப் பார்க்கிறது. நேராக நிறுத்திய சக்கரமாக இருந்தால் டயரின் வெளி விளிம்பு மட்டுமே தரையைப் பிடிக்கும். முன்கூட்டியே உட்சாய்வு கொடுத்திருந்தால், சரிவும் சாய்வும் ஒன்றையொன்று தின்று, டயரின் முழு அகலமும் தரையில் படியும். பிடிப்பு அப்போதுதான் முழுமையாகக் கிடைக்கும்.

வீட்டுக் காருக்கு அநேகமாகப் பூச்சியம் முதல் ஒரு டிகிரி வரை உட்சாய்வு. பந்தயத் தடத்துக்கு இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேல். அளவு சரிதானா என்று டயரே சொல்லும். தடத்திலிருந்து உள்ளே வந்ததும் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளில் வெப்பமானியைக் குத்திப் பார்ப்பார்கள். உட்பகுதி சற்றுக் கூடுதலாகச் சுடுவது இயல்பு. மிகவும் கூடுதலாகச் சுட்டால் சாய்வு அதிகம். சாய்வு அதிகமானால் நேர்ப்பாதையில் பிரேக் பிடிக்கும்போது டயர் முழுவதும் தரையில் படாது. வளைவில் சம்பாதித்ததைப் பிரேக்கில் தொலைக்க வேண்டியதுதான். பார்வைக்காக மட்டும் சக்கரங்களைப் படுக்கவைத்துக்கொண்டு அவினாசி சாலையில் மெல்ல ஊரும் இளைஞர்கள் வளைவிலும் எதையும் சம்பாதிப்பதில்லை, பாவம்.

இனி அலைன்மெண்ட், அதாவது இந்தக் கோணங்களை அளந்து திருத்தும் வேலை. இதற்குச் ‘சீரமைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது சாக்கடைக்கும் பொருந்தும், கட்சிக்கும் பொருந்தும். மூலச்சொல்லைத் தோண்டினால் பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘லீனியா’ வரும். லீனியா என்றால் கோடு. அதற்கும் முன்னே ஆளிநூல். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. நம் கொத்தனாரும் தச்சரும் சொல்லும் ‘நூல் பிடித்தல்’ இதேதான். மரத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரமே பேசுகிறது. அதைச் செய்த பவணந்தியைப் பெருந்துறை அருகே சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கத்தில் உரிமை கொண்டாடுவோம். நூற்பாலைகளால் வளர்ந்த நாட்டில் அலைன்மெண்டுக்கு ‘நூல்பிடிப்பு’ என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. பந்தயக் குழுக்கள் இன்றும் காரின் இருபுறமும் நூல் கட்டி அளப்பதுண்டு.

மற்ற இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடலாம். டோ என்பது கால்விரல். மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரங்களின் முன்பக்கம் நெருங்கியிருப்பது முன்னொடுக்கம், விலகியிருப்பது முன்விரிவு. டயரைத் தின்பதில் சாய்வைவிட இதுதான் பெரிய கை. காஸ்டர் என்பது திருப்பும் அச்சின் தலை பின்னே சாய்ந்திருப்பது. சைக்கிளின் முன்கவையைப் பார்த்தால் தெரியும். பின்சாய்வு என்கிறேன். கைவிட்டாலும் ஸ்டீயரிங் நேருக்குத் திரும்ப அதுதான் முக்கியக் காரணம். வரிசை முக்கியம்: சாய்வை மாற்றினால் ஒடுக்கமும் நகர்ந்துவிடும் என்பதால் முதலில் சாய்வு, கடைசியில்தான் ஒடுக்கம். பல வீட்டுக் கார்களில் சாய்வைத் திருத்தக் கம்பெனி வழியே வைத்திருக்காது. பட்டறையில் ஒடுக்கத்தை மட்டும் திருத்தித் தருவார்கள்.

எனக்கும் அப்படித்தான் தந்தார்கள். மனம் ஆறாமல் மறுநாள் காலையில் சமதளத்தில் காரை நிறுத்தி, தூக்குக்குண்டை எடுத்துச் சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். 15 அங்குல ரிம்மில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இரண்டு நூலுக்குச் சற்றுக் கூடுதலாக வேறுபாடு இருந்தால் அது ஒரு டிகிரி. வலது முன்சக்கரத்தில் ஒரு நூல்கூட இல்லை. இடது பக்கம் நான்கு நூலைத் தாண்டியது.