தீன் மூட்டை எத்தனை நாளைக்கு வருகிறது?

தீன் விலை எல்லோருக்கும் தெரியும். பத்து முட்டைக்கோழிக்கு 50 கிலோ மூட்டை எத்தனை நாள் வந்தது என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். மூட்டை பிரிக்கும் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒரு கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் போதும். நுவரெலியா, கந்தப்பளைக் குளிரில் உடல் சூட்டுக்கென்றே கூடுதலாகத் தின்னும். 130 என்று வையுங்கள். பத்துக் கோழிக்கு 1.3 கிலோ, ஆக மூட்டை 38 நாள் வரவேண்டும். 30 நாளில் தீர்ந்தால், தினமும் ஏறக்குறைய 370 கிராம் வேறெங்கோ போகிறது.

முதலில் தீன் தட்டைப் பாருங்கள். நிரம்ப வைத்தால் கோழி அலகால் வாரி இறைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் நிற்கட்டும். அடுத்தது எலி. ஐந்தாறு எலி சேர்ந்தால் ஒரு கோழியின் தீனைத் தின்றுவிடும், முட்டையும் தராது! மூடியுள்ள தகர டின் வாங்கிய காசு சீக்கிரமே திரும்பிவிடும்.

மூன்றாவது ஈரம். பனி மூடிய நாட்களில் லயத்துச் சுவரில் சாய்த்து வைத்த மூட்டை அடியில் கட்டிபிடித்துப் பூஞ்சை பூக்கும். அதை வெயிலில் காயவைத்துப் போடுகிறார்கள். பூஞ்சை காயும், அதன் நஞ்சு போகாது. ஈரலைக் கெடுக்கும், முட்டை குறையும். கட்டி பிடித்ததைக் கொட்டிவிடுங்கள். மூட்டை பலகை மேல், சுவரைவிட்டு ஓரடி தள்ளி இருக்கட்டும்.

செலவைக் குறைக்க லேயர் மாஷில், அதாவது முட்டைக்கோழிக்கான தீனில், பாதிக்குப் பாதி தவிடு கலப்பது வீண் சிக்கனம். மாஷில் புரதம் 16 சதவீதத்துக்கு மேல், கல்சியம் 3.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது முட்டைக்காகத்தான். தவிட்டில் கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். சில வாரத்தில் ஓடு மெலியும், பிறகு முட்டையே குறையும். சிப்பித்தூளைத் தனிச் சிரட்டையில் வையுங்கள், வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும்.

கோவா இலை, கரட் தழை நல்லதுதான், ஆனால் மொத்தத் தீனில் பத்தில் ஒரு பங்குக்குள். மருந்தடித்த பாத்தியிலிருந்து வேண்டாம். பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோலும் பட்டர்புரூட் தோலும் கொட்டையும் கோழிக்கு நஞ்சு. தண்ணீர் தீனைப்போல இரு மடங்கு வேண்டும். அது வற்றினால் தீனும் இறங்காது.

பத்துக் கோழி நாளுக்கு எட்டு முட்டை இட்டால், முட்டை ஒன்றுக்கு 160 கிராம் தீன். ஒரு கிலோ தீனின் விலையை ஆறால் வகுத்தால் முட்டையின் தீன் செலவு வந்துவிடும். எட்டு முட்டை நாலாகக் குறைந்தால் அந்தச் செலவு இரட்டிப்பாகும். அப்போது ஒவ்வொன்றாகப் பிடித்து வாலடியில் உள்ள இரு இடுப்பெலும்புக்கு நடுவே விரல் வையுங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடும் கோழி. ஒரு விரலே இடித்தால் இப்போது இடவில்லை. இறகு உதிர்த்துக்கொண்டிருந்தால் இரண்டு மாதம் பொறுக்கலாம். அதன் பிறகும் அப்படியே இருந்தால் கறிக்குத்தான்.