பழைய டி.யூ.ஐ. (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) வழக்கை எஸ்.எஃப்-86 படிவத்தில் எழுதலாமா, விடலாமா?

அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். அந்த அனுமதிக்காக நிரப்பித் தர வேண்டிய படிவம்தான் எஸ்.எஃப்-86. குடியுரிமை வாங்கி, பாதுகாப்புத் துறை கான்ட்ராக்ட் வேலை கைக்கு எட்டிய நேரத்தில் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: "சார், காலேஜ் படிக்கும்போது குடித்துவிட்டு கார் ஓட்டி மாட்டினேன். வக்கீல் பேசி அதை வெறும் ரெக்லெஸ் டிரைவிங் (தாறுமாறாக ஓட்டியது) ஆக்கிவிட்டார். அப்புறம் ரெக்கார்டையும் அழித்தாச்சு. ஃபார்மில் எழுத வேண்டாம்தானே?"

எழுத வேண்டும். படிவத்தின் 22-ஆம் பகுதியில் சில கேள்விகள் கடந்த ஏழு ஆண்டுகளோடு நின்றுவிடும். மது, போதைப்பொருள் குற்றச்சாட்டுக்கு அந்த வரம்பு இல்லை. வாழ்நாளில் எப்போதாவது உண்டா என்பதே கேள்வி. தண்டனை கிடைத்ததா என்றுகூட இல்லை, குற்றம் சாட்டப்பட்டதா என்றுதான். மது வழக்கின் ரெக்கார்டை சீல் வைத்திருந்தாலும் சரி, அழித்திருந்தாலும் சரி, சொல்லியாக வேண்டும். சென்னைக் கோர்ட்டில் நடந்த வழக்கும் இதில் அடக்கம்.

கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள 13 வழிகாட்டுதல்களில் மதுவுக்கானது 'ஜி'. ஒரே ஒரு பழைய வழக்கு, இப்போது குடி கட்டுக்குள் இருக்கிறது, கவுன்சலிங் போன காகிதம் இருக்கிறது என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இரண்டு, மூன்று என்று போனால் கதை வேறு.

என்னைப் பயமுறுத்துவது 'ஈ' வழிகாட்டுதல், நேர்மை பற்றியது. நேர்காணலில் விசாரணை அதிகாரி "போலீஸ் விஷயம் ஏதாவது உண்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். எஃப்.பி.ஐ. பதிவை அவர் அதற்கு முன்பே பார்த்திருக்கக்கூடும். 'இல்லை' என்று சொன்னபின் அவரே தேதியையும் ஊரையும் சொல்லிக் கேட்டால், "ஆமாம், மறந்துட்டேன்" என்பது எடுபடுவது கஷ்டம். அவர் ஆதாரத்தை எடுத்து வைப்பதற்கு முன் நீங்களாகத் திருத்தினால்தான் விதி உங்களுக்குக் கை கொடுக்கும். விசாரணை நீதிபதி குடியை மன்னித்து, மறைத்ததற்காகக் கிளியரன்ஸை மறுத்த தீர்ப்புகள் உண்டு. தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றும் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த அளவுக்குப் போவது அபூர்வம்; வேலை போவது அபூர்வமில்லை.

ஏற்கெனவே கிளியரன்ஸ் வைத்திருப்பவர் மாட்டினால், அடுத்த புதுப்பித்தல்வரை காத்திருக்க முடியாது. கைதான விவரத்தைக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். படிவத்தைத் தவறாக நிரப்பி அனுப்பிவிட்டவர்களும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, அதே அதிகாரியிடம் எழுத்தில் திருத்தம் கொடுங்கள், விசாரணை அதிகாரியின் போன் வருவதற்குள்.