வயலின் ஏன் அலறுகிறது?

'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சியை ஒருமுறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். மிஷ்கின் எடுத்ததைச் சொல்லவில்லை. 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஷவர், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு நிழல், கத்தி, வடிகாலுக்குள் சுழன்று போகும் ரத்தம் (உண்மையில் அது சாக்லேட் சிரப்). ஒரு நிமிடம்கூட நீடிக்காத கொலையை எழுபதுக்கும் மேற்பட்ட கோணங்களில், ஒரு வாரம் எடுத்தார்கள். 'அடடா, என்ன எடிட்டிங்!' என்று ரசிக்கலாம். பயம்? பெரிதாக வராது. சத்தத்தைக் கூட்டினால் கதையே வேறு.

இத்தனைக்கும் அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. எழுதிக் காட்டி மனத்தை மாற்றினார். படம் முழுக்கத் தந்திக் கருவிகள் மட்டுமே. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை இசை என்பது அவர் கணக்கு.

சரி, வயலின் எப்படி அலறுகிறது? வில்லின் இழைகளில் ரோசின் என்ற பிசின் தடவியிருக்கும். அது தந்தியைப் பிடித்து இழுக்கும், தந்தி நழுவித் திரும்பும், மறுபடி பிடிபடும். நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் நடக்கும் இந்தப் பிடித்தலும் நழுவலும் ஒரே சீராக இருந்தால் காதுக்கு இனிமை. வில்லை அளவுக்கு மீறி அழுத்தினால் சீர் குலைந்து, சுரத்தோடு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். வயலின் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதற்கு விளக்கமே தேவையில்லை.

நம் தொண்டையிலும் இதே கதைதான். சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்கள் ஒழுங்காக அதிர்கின்றன. உயிர் போகிற பயத்தில் காற்றை முழு வேகத்தில் தள்ளும்போது அந்த ஒழுங்கு கெட்டு, குரல் பிளந்து வருகிறது.

டேனியல் புளூம்ஸ்டீன் என்ற விலங்கியலாளர் கொலராடோ மலைகளில் மார்மட்டுகளை ஆராய்பவர். மார்மட் அணில் குடும்பத்து விலங்கு, பூனை அளவு இருக்கும். பிடிபட்ட குட்டிகள் இப்படித்தான் பிளந்த குரலில் கத்துகின்றன. இதே தன்மை திரைப்படங்களின் ஒலியிலும் இருக்கிறதா என்று அவரும் கூட்டாளிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் தேடி, 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருக்கிறது என்பதே பதில். திகில் படங்களில் அந்தக் கரகரத்த அலறல் அதிகம்.

இன்னொரு விஷயம், ஒலி துடிக்கும் வேகம். பேச்சில் சத்தத்தின் அளவு நொடிக்கு நான்கைந்து முறை கூடிக் குறையும். அலறலில் அது 30 முதல் 150 முறை வரை போகிறது என்று 2015-ல் நரம்பியலாளர் லுக் ஆர்னால் குழு காட்டியது. இந்தச் சொரசொரப்பு கூடக்கூட, மூளையில் ஆபத்தை மதிப்பிடும் அமிக்டலா அதிகமாகத் துடிக்கிறது. அபாய மணிகளின் ஒலியிலும் இது உண்டு. அரைச்சுரம் மட்டுமே இடைவெளி உள்ள சட்ஜமத்தையும் சுத்த ரிஷபத்தையும் ஒன்றாக வாசித்துப் பாருங்கள், அந்த உரசல் புரியும். ஹெர்மனும் அரைச்சுரம் தள்ளி நிற்கும் சுரங்களைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். வயலின்கள் ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அவருக்கு அமிக்டலா பற்றி யாரும் பாடம் எடுத்திருக்கமாட்டார்கள். நல்ல காது இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அப்புறம் வருவது. கொலையாளி போனதும் வயலின்கள் சட்டென நின்றுவிடும். கீழ்ச்சுரத் தந்திகள் கொஞ்ச நேரம் கனமாக நடக்கும். பிறகு அவையும் ஓய்ந்து, ஷவரிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.