பேய் பிடிப்பது வீட்டையா?

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய ஹில் ஹவுஸ் நாவலைப் படித்த ஒருவர், "பேய் பிடித்த வீடு என்று சொன்னார்கள், கடைசிவரை பேயைக் காணோம்" என்று வாசிப்புக் கூட்டமொன்றில் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை நாவலைச் சேர்ந்ததன்று. அவரிடம் நாவலைக் கொண்டுசேர்த்த மொழிபெயர்ப்புச் சொல்லைச் சேர்ந்தது.

இவ்வகை நாவல்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கோதிக்' என்பது முதலில் ஜெர்மானிய இனமொன்றின் பெயர். 410-இல் ரோம் நகரைச் சூறையாடியவர்கள் அவ்வினத்தின் ஒரு கிளையினர். கூர்வளைவுக் கட்டடங்களை இகழ்வதற்காக மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் அப்பெயரை எடுத்தாண்டனர். பழைய கோட்டையொன்றில் நிகழும் தம் கதையின் 1765-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் அதையே துணைத்தலைப்பில் சேர்த்தார். சாந்தோம் பேராலயத்தைக் கோதிக் பாணி என்று எழுதும் நாம் நாவலுக்கும் அச்சொல்லையே வைத்துக்கொள்ளலாம். 'பேய்க்கதை' என்றால் கட்டடத்தோடு உள்ள உறவு அறுந்துவிடுகிறது.

என் வழக்கு 'ஹாண்டட்' (haunted) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழங்கும் 'பேய் பிடித்த' என்ற தொடரோடுதான். பழைய பிரெஞ்சில் அந்த ஆங்கிலச் சொல்லின் வேர்ச்சொல்லுக்கு ஓரிடத்துக்கு அடிக்கடி போய்வருதல் என்பதே பொருள். பிடித்தல் அதில் இல்லை. தமிழில் பேய் பிடிப்பது ஆளை. உடுக்கை அடித்து, வேப்பிலை வீசி, "நீ யார்?" என்று பூசாரி கேட்பது பிடிபட்டவரிடம், எந்தச் சுவரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை. வீட்டைப் பற்றியென்றால், "அங்கே ஏதோ நடமாட்டம் இருக்கிறது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதே ஊர்வழக்கு. அகராதியில் முதலில் தென்படும் சொல்லோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டும் எழுத்தில் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அந்த நாவலில் மூலைகள் எல்லாம் சற்றே கோணியிருப்பதால் திறந்து வைத்த கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றன. இரவில் நடைவழியிலிருந்து ஏதோ ஒன்று அறைக்கதவை இடிக்கிறது. எலனர் என்ற பெண்ணின் பெயர் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. வருத்துவது அந்த வீடேதான். ஓரிடத்தில் உறைந்து, அணுகியவரை வருத்தும் ஆற்றலுக்குச் சங்கத் தமிழில் 'அணங்கு' என்று பெயர். புறநானூற்று 299-ஆம் பாடல் 'அணங்குடை முருகன் கோட்டம்' என்கிறது. கோட்டம் என்றால் கோயில். அங்கே மாதவிலக்கால் கலம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிரையும் அதே பாடல் காட்டுகிறது. கட்டடத்துக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் தொடர் வேறொன்றை நான் அறியேன்.

அணங்கு என்றால் இன்று அழகிதானே என்பார்கள். "அணங்குகொல்" என்று திருவள்ளுவரின் தலைவன் 1081-ஆம் குறளில் திகைப்பது தான் கண்ட பெண்ணின் அழகு வருத்துவதால்தான். வருத்தமே அச்சொல்லின் உயிர். வெள்ளைச் சேலை உருவம் உலாவும் கதைக்குப் 'பேய் நடமாடும் வீடு' போதும். ஜாக்சனின் நாவலுக்கு 'அணங்குடை வீடு' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அந்த வாசகர் பேயைத் தேடாமல் வீட்டைப் பார்த்திருப்பார்.