ஸ்கேன் நார்மல் என்றால் அடிவாங்கலாமா?

தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்ப்பது ஒரு நரம்பியல் மருத்துவருக்கு அன்றாட வேலை. அதில் எனக்கு அலுப்பில்லை. அடிவாங்கப் போவதற்கு முன்னால் அனுமதிக் கடிதம் கேட்டு வருகிறார்களே, அவர்களிடம்தான் பொறுமை போய்விடுகிறது. சமீபத்தில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர் வந்தார். அவரிடம் பழகும் பையன் இதுவரை தோற்றதில்லை. நாற்பதைத் தாண்டி, ரிங்கை விட்டு விலகிப் பல வருடம் ஆன பழைய சாம்பியன் ஒருவரோடு அவனை மோதவிட ஏற்பாடு. "பையனுக்குப் பேர் கிடைக்கும் டாக்டர், அண்ணனுக்கும் கையில கொஞ்சம் காசு. ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா..." இப்படிக் கேட்டு வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது, வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

1980. சென்னைக்காரர்களுக்கு அது முகமது அலி இங்கே வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போன வருடம். அதே வருடம் அக்டோபர் 2ஆம் தேதி, லாஸ் வேகஸில் சீசர்ஸ் பேலஸ் விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் போட்ட தற்காலிக அரங்கில், அலி உண்மையான மோதலுக்கு இறங்கினார். வயது 38. ஓய்வு அறிவித்துவிட்டு, ரிங்கில் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதிரே லாரி ஹோம்ஸ்: 35 மோதல், 35 வெற்றி, ஹெவிவெயிட் பட்டம் அவர் கையில். சில வருடங்களுக்கு முன் அலியின் பயிற்சி முகாமில் அவருக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சி மோதல், கொடுத்த அதே ஹோம்ஸ்.

மோதலுக்கு முன்பு, ஜூலையில், அலியைப் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்ன சோதனையில் இலக்கு கொஞ்சம் தவறியது. ஒற்றைக்காலில் குதிப்பதில் எதிர்பார்த்த லாவகம் இல்லை. பேச்சிலும் சிறு ஒருங்கிணைப்புக் குறை. இதையெல்லாம் எழுதிவிட்டு, மேற்கொண்டு குத்துச்சண்டை போடுவதைத் தடுக்கும்படி எதுவும் இல்லை என்று முடித்திருந்தார்கள். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் மோத உரிமம் கொடுத்தது.

எங்கள் துறையில் முதல் வருட மாணவன்கூட அந்த மூன்று குறிப்புகளைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவான். உலகத்திலேயே வேகமான கால்களும் வாயும் கொண்டிருந்த மனிதர் அவர். அவருக்கு 'சற்றுக் குறைவு' என்று எழுதினால், அவருடைய பழைய நிலையிலிருந்து அது எவ்வளவு பெரிய சரிவு? சாதாரண மனிதனோடு ஒப்பிட்டால் நார்மல்தான். சாதாரண மனிதன் ஹோம்ஸின் இடதுகைக் குத்தை வாங்கப் போவதில்லையே.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். என்னை அதிகம் படுத்தும் விஷயம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் காட்டுவது மூளையின் அமைப்பை. ரத்தம் கசிந்திருக்கிறதா, கட்டி இருக்கிறதா, எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். பல வருடம் குத்து வாங்கிய மூளையில் நடப்பது பெரும்பாலும் இதைவிட நுணுக்கமானது. நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. டௌ என்ற புரதம், மூளை மடிப்புகளின் ஆழத்தில், நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுற்றிச் சேர்கிறது. வழக்கமான ஸ்கேனில் இது தெரியாது. அடிபட்டு அடிபட்டு வரும் இந்த மூளைச் சிதைவை உறுதியாகச் சொல்ல, இன்றுவரை, ஆள் இறந்தபிறகு மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு. வீட்டுச் சுவரில் விரிசல் இல்லை என்பதால் உள்ளே ஓடும் ஒயர் நன்றாக இருக்கிறது என்று எந்த எலெக்ட்ரீஷியனும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஆகவே, ஐயா, 'ஸ்கேன் நார்மல்' என்றால் 'இன்றைக்கு மூளையில் ரத்தக்கசிவு இல்லை' என்று மட்டும்தான் பொருள். நாளைக்கு வாங்கும் குத்தைத் தாங்கும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. எழுதும் மெஷின் இன்னும் வரவில்லை. நாக்-அவுட் ஆனதே இல்லை, அதனால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதும் இதே ரகம். மயங்கி விழாத அடிகளும் கணக்கில் சேரும். ஜிம்மில் ஸ்பாரிங்கில் வாங்கியவையும் சேரும், அவற்றை யாரும் எண்ணிவைப்பதே இல்லை. குத்துவாங்கிக் குழறும் பழைய வீரர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் கட்டுரை எழுதியது 1928ல். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

இந்த மாதிரி மோதலுக்குக் கையெழுத்துக் கேட்டு வருபவர்கள், ஒரு மருத்துவர் முடியாது என்றால் இன்னொருவரைத் தேடிப் போவார்கள், அதுவும் தெரியும். அலியின் சொந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ 1977லேயே, எர்னி ஷேவர்ஸோடு அலி மோதியபிறகு, போதும் நிறுத்துங்கள் என்று சொன்னார். சிறுநீரகச் சோதனை அறிக்கையை வைத்து எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். எங்கள் தொழிலில் சில நேரம் செய்ய முடிவது அவ்வளவுதான்.

அப்புறம் ஹோம்ஸ் மோதலுக்கு முந்தைய மாத்திரைக் கதை. அலி எடையை மளமளவென்று குறைத்து, நரையை மறைத்து, பார்க்கப் பழைய அலியாகவே வந்து நின்றார். இளமை திரும்பிவிட்டது என்றார்கள். எடை குறையத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தார், அதையும் சொன்ன அளவுக்கு மேலே. தைராய்டு ஹார்மோன் கொழுப்போடு தசையையும் தின்னும், இதயத்தை ஓட வைக்கும், உடம்பு சூட்டைக் கூட்டும். முதல் ரவுண்டிலேயே அவரிடம் ஒன்றுமில்லாமல் போனதில் வியப்பில்லை. கண்ணாடியில் ஒல்லியாகத் தெரிவது உடற்தகுதி ஆகாது. மோதலுக்கு முந்தைய வாரம் தண்ணீர் குடிக்காமல் எடை குறைக்கும் நம் பையன்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்து ரவுண்டு நடந்தது. நடுவர்கள் மூவர் கணக்கிலும் ஒரு ரவுண்டுகூட அலிக்கு இல்லை. பத்தாவது முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். அலி ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. 'சிங்கம்யா, விழவே இல்லை பாருங்க' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பயம். இரண்டாவது ரவுண்டில் விழுந்திருந்தால் மீதி எட்டு ரவுண்டு குத்துகள் மிச்சமாகியிருக்கும். வயதானால் அனிச்சை வேகம் முதலில் போகும், கால் அடுத்துப் போகும். அடிவாங்கிக்கொண்டே நிற்கும் பிடிவாதம் மட்டும் போகாது. மங்கிப்போன சாம்பியனின் ஆபத்து அந்தப் பிடிவாதத்தில் இருக்கிறது.

தோற்காத பையனுக்கும் அவன் பயிற்சியாளருக்கும் இங்கே ஒரு விஷயம். "அடக்கித்தான் அடிப்பான் டாக்டர், பெரியவர் மேல மரியாதை உண்டு" என்கிறார்கள். ஹோம்ஸுக்கும் மரியாதை இருந்தது. பாதி மோதலுக்கு மேல் அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, நிறுத்தச் சொல்லி நடுவரைப் பார்த்தார். முடிந்தபிறகு அழுதார். அடக்கி அடித்தால் மோதல் நீளும். மோதல் நீண்டால் குத்துகளின் எண்ணிக்கை கூடும். மூளைக்கு மரியாதைக் குத்து, முரட்டுக் குத்து என்ற பாகுபாடு அவ்வளவாகக் கிடையாது. முழு பலத்தோடு அடித்தால் ஆள் அன்றைக்கே போகலாம், அடக்கி அடித்தால் மெல்லப் போகலாம். இரண்டில் எது பரவாயில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பேர் கிடைக்கும் என்பதும் பொய்க்கணக்கு. ஜெயித்தால் 'கிழவனை அடித்தான்', தோற்றால் 'கிழவனிடம் தோற்றான்'. ஹோம்ஸ் 48 வெற்றிவரை தோற்காமல் போனவர். விவரம் தெரிந்தவர்கள் அவருக்குப் பெருமையாகச் சொல்லும் மோதல் 1978ல் கென் நார்ட்டனோடு ஆடிய 15 ரவுண்டு. அலி மோதலை அவர் பெருமைக் கணக்கில் யாரும் வைப்பதில்லை. 1951ல் ராக்கி மார்சியானோவும் இப்படித்தான், வரிக் கடனுக்காக 37 வயதில் திரும்பி வந்திருந்த பழைய சாம்பியன் ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் வீழ்த்திவிட்டு, உடைமாற்றும் அறையில் போய் அழுதார். ஜெயித்தவன் அழும் விளையாட்டை எதற்கு ஏற்பாடு செய்கிறீர்கள்?

ஹோம்ஸாவது பாடம் கற்றாரா என்றால், 1988 ஜனவரியில், அதே 38 வயதில், ஓய்விலிருந்து வந்து, தோற்காத 21 வயது மைக் டைசன் எதிரில் நின்றார். நாலாவது ரவுண்டில் முடிந்தது. 2024 நவம்பரில் அந்த டைசனே 58 வயதில், யூடியூபில் பேர் வாங்கிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பால் முன்னால் நின்றார். சில மாதங்களுக்கு முன்தான் வயிற்றுப்புண்ணால் ரத்தம் போய், எட்டு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டதாக மோதல் முடிந்தபிறகு அவரே சொன்னார். அந்த உடம்புக்கும் ஒரு தகுதிச் சான்று கிடைத்திருக்கிறது!

உடனே ஒருவர் ஜார்ஜ் ஃபோர்மனைக் கொண்டுவருவார். தெரியும். 1994ல், 45 வயதில், 35 மோதலில் தோற்காத மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் படுக்கவைத்துப் பட்டம் வாங்கினார். உண்மைதான். ஆனால் ஃபோர்மன் 1977லிருந்து பத்து வருடம் ரிங் பக்கமே போகாதவர். அந்தப் பத்து வருடக் குத்துகள் அவர் மூளைக்கு மிச்சம். திரும்பி வந்தும் ஏழு வருடம் சின்ன ஆட்களில் தொடங்கிப் படிப்படியாக ஏறினார். அன்றைக்கும் ஒன்பது ரவுண்டு மூரர்தான் முன்னிலையில் இருந்தார், குத்துகளை வாங்கியது ஃபோர்மன்தான். ஒரு ஃபோர்மனைக் காட்டி எத்தனை பேரை ஏற்றிவிடுவீர்கள்?

அலிக்கு 1984ல் பார்க்கின்சன்ஸ் நோய்க்குறி உறுதியானது. குத்துகள் அதற்கு எவ்வளவு காரணம் என்று எங்களுக்குள்ளே விவாதம் உண்டு, அதனால் ஹோம்ஸ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அறிகுறி 1980 அறிக்கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தும் பத்து ரவுண்டு, அது போதாதென்று 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு பத்து ரவுண்டு. அந்த மோதலில் ரவுண்டு மணிக்குப் பதில் மாட்டு மணி அடித்தார்கள். ஏற்பாட்டின் தரம் அப்படி.

இனி என்ன செய்யலாம் என்றால், பையனுக்கு அவன் வயதில், அவன் தரத்தில் எதிராளி தேடுங்கள். சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் 40 வயதுதான் மேல் எல்லை. ஷோ மேட்ச் என்று பெயர் மாற்றினால் அந்த விதி மூளைக்குப் பொருந்தாமல் போய்விடாது. அண்ணனுக்குக் காசு வேண்டுமா? உங்கள் ஜிம்மிலேயே சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் குத்திப் பழகக் கையில் பேட் பிடிக்கட்டும், ரிங் மூலையில் நின்று சொல்லிக் கொடுக்கட்டும். ஸ்பாரிங்குக்கு மட்டும் இறக்காதீர்கள், தயவுசெய்து. போட்டியை நிறுத்திவிட்டு, பயிற்சியில் தினம் மூன்று ரவுண்டு வாங்கவைத்தால் என்ன லாபம்?

பழைய வீரர்களின் வீட்டுக்காரர்களுக்கு: பேச்சு குழறுகிறது, கையெழுத்து சிறுத்துவிட்டது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார், சொன்னதையே சொல்கிறார் என்றால் வயசாகுது என்று விட்டுவிடாதீர்கள், கூட்டி வாருங்கள். அவர் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் க்ளவுஸ் பக்கமே விடக்கூடாது. இதில் பேரம் இல்லை.

மீறி மோதிவிட்டார் என்றால், அல்லது ஜிம்மில் நன்றாக ஒன்று வாங்கிவிட்டார் என்றால், ஒரு ராத்திரி பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு மூளை லேசாகச் சுருங்கி, மேலே ஓடும் சிரைகள் இழுபட்டே இருக்கும். சின்ன அடியில் கிழிந்து, கசிவு மெதுவாகச் சேர்ந்து, வாரங்கள் கழித்துக்கூட வெளியே தெரியும். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, ஒரு பக்கம் கைகால் தளர்வது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, எழுப்பினால் சரியாக எழாதது, இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு. வலி மாத்திரை கொடுத்து 'தூங்கினா சரியாயிடும்' என்று படுக்கவைக்க வேண்டாம். போகும்போது முதல் ஸ்கேனைக் கையில் பிடித்துக்கொண்டு அது நார்மல் என்று வாதாடாதீர்கள். புதிதாக ஒன்று எடுப்போம்.