கடலோரம் நிலம் வாங்குமுன் அந்த 60 மீட்டர் கணக்கு

மலேசியாவில் நம்ம சிலியாவ் பக்கத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வு பெறுகிறவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு: இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதிப் பணம் வந்ததும் போர்ட்டிக்சன் கடலோரம் ஒரு துண்டு நிலம், நாலு தென்னை. என் மாமாவும் அப்படித்தான் வாங்கினார். போன தீபாவளிக்குப் போய்ப் பார்த்தால், கடல் பக்கத்து வேலிக்கல் மணலில் சாய்ந்து கிடக்கிறது, சவுக்கு மரத்தின் வேர் முழங்கால் உயரத்துக்கு வெளியே தொங்குகிறது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, விதி என்ன? கடலோரத்தில் எதையாவது கட்டத் திட்டம் போட்டால் வடிகால், நீர்ப்பாசன இலாகாவின், அதாவது ஜேபிஎஸ்ஸின், கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1987-லேயே அரசாங்கச் சுற்றறிக்கை வந்துவிட்டது. 1997-இல் வந்த ஜேபிஎஸ் வழிகாட்டி, மணல் கரையில் 60 மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்கிறது. அந்த 60 மீட்டரை அலை தொடும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் ஏறுகிறதே, அந்தப் பெரிய ஏற்றத்தின் சராசரி மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். வற்றியிருக்கும் நேரத்தில் நிலத்தைக் காட்டினால் எல்லாமே தூரமாகத்தான் தெரியும்.

இதைவிட முக்கியமானது தேசிய நிலச் சட்டத்தின் 49-வது பிரிவு. கடல் முன்னேறி உங்கள் நிலத்தை மூடினால், மூடிய பகுதி உங்களுடையதாக இருக்காது, மாநில அரசாங்க நிலமாகிவிடும். கடல் பின்வாங்கினாலோ உங்கள் எல்லை கூடாது. கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், எழுதியிருக்கும் பரப்பளவை மட்டும் நம்பாதீர்கள்.

எந்தக் கரை கரைகிறது என்பதை ஜேபிஎஸ் ஆய்வு செய்து வைத்திருக்கிறது. 2015 தேசிய ஆய்வின்படி நாட்டின் 8,840 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 1,347 கிலோமீட்டர் அரிக்கப்படுகிறது. அதை வகை பிரித்திருக்கிறார்கள்; கட்டடங்களுக்கே ஆபத்தான பகுதி முதல் வகை. பழைய வரைபடம், செயற்கைக்கோள் படம், கரையின் குறுக்கே எடுக்கும் அளவு, இவற்றை வருடக்கணக்கில் ஒப்பிட்டு, அலை மணலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணினியில் கணக்குப் போட்டால்தான் போக்கு பிடிபடும். ஒரு பருவக்காற்றில் போன மணல் அடுத்த பருவத்தில் திரும்பலாம் என்பதால் ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. பக்கத்தில் புதிதாக ஒரு தடுப்புச்சுவர் எழுந்தால் பழைய கணக்கும் மாறிவிடும்.

அதனால் முன்பணம் கட்டும் முன்பே லாட் எண்ணோடு, அதாவது மனை எண்ணோடு, மாவட்ட ஜேபிஎஸ் அலுவலகத்துக்குப் போய், இந்தக் கரை எந்த வகை என்று கேளுங்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால், அசையாத ஒரு மரத்திலிருந்து மணல் மேட்டின் விளிம்பு வரை மாதம் ஒருமுறை டேப் பிடித்து அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். மாமா இப்போது அப்படித்தான் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வருகிறார்.